அழற்சியும் உள்ளச் சோர்வும்

காய்ச்சலுற்றான் ஒருவன் உணவை வெறுத்து, உற்றாரையும் விலக்கி, போர்வைக்குள் முடங்கிக் கிடத்தலை நாம் யாவரும் கண்டிருக்கிறோம். அஃது உடல் தளர்ந்தமையின் விளைவென்றே நெடுங்காலம் கருதப்பட்டது. கால்நடை வைத்தியப் பேராசிரியராகிய பெஞ்சமின் ஹார்ட் என்பார், 1988-ஆம் ஆண்டில் இக்கருத்தை மறுத்து, நோயை வெல்லும் பொருட்டுப் பிராணிகள் மேற்கொள்ளும் ஒழுங்கான நடத்தையே அஃதென எடுத்துக் காட்டினார்.

அழற்சியின்போது எழும் சைட்டோகைன் என்னும் புரதங்கள் இதற்குத் தூதாகின்றன. அவற்றின் செய்தி இரத்தத்தின் வாயிலாகவும், வயிற்றிலிருந்து தலைக்கேறும் வேகஸ் நரம்பின் வாயிலாகவும் மூளையை எட்டுகின்றது. 2015-இல் எலிகளின் மூளையுறையில் நிணநீர்க் குழாய்கள் காணப்பட்ட பின்னர், மூளையை நோயெதிர்ப்பு அணுக்கள் புகாத தனிக்கோட்டையாகக் கருதிய கொள்கையும் பெரிதும் தளர்ந்தது.

ஈரலைத் தாக்கும் 'ஹெபடைடிஸ் சி' நோய்க்கு முன்னர் இன்டர்பெரான் என்னும் மருந்தை மாதக்கணக்கில் ஊசி வழியே ஏற்றி வந்தனர். அதுவும் ஒரு சைட்டோகைனே. அதனைப் பெற்றவருள் ஏறக்குறைய நால்வரில் ஒருவர் கடுந்துயரில் ஆழ்ந்தனர். மனத்திட்பம் இல்லாமையே துயருக்குக் காரணமெனத் துணிந்து கூறுவோர் இச்செய்தியைச் சற்றே எண்ணிப் பார்ப்பாராக.

ஆயின், உள்ளச் சோர்வனைத்தும் அழற்சியே என முழங்குவாரோடும் யாம் உடன்படோம். அமெரிக்க நாட்டு எமரி சர்வகலாசாலையார், ஏனை மருந்துகளால் குணமடையாத அறுபது நோயாளரைத் தெரிந்து, அழற்சியைத் தணிக்கும் இன்பிலிக்சிமாப் மருந்தை ஒரு சாரார்க்கும், போலிக் கரைசலை மறுசாரார்க்கும் அளித்துப் பன்னிரண்டு வாரம் நோக்கினர். 2013-இல் வெளிவந்த முடிவு யாது? மொத்தத்தில் இருசாரார்க்கும் வேற்றுமையில்லை. இரத்தத்தில் அழற்சிக் குறி மிக்கிருந்தோர்க்கு மட்டும் மருந்து நலஞ்செய்வதுபோற் காணப்பட்டது. குறி தாழ்ந்திருந்தோரோ போலிக் கரைசலாலேயே மிகுதியாகத் தேறினர்! எனவே, யாவர்க்கு இம்மருந்து ஏற்கும் என்பதே இனி எழுப்பற்பாலதாய வினா. எதிர்பார்த்தது கிட்டவில்லையென்று அம்முடிவைப் பெட்டியிற் பூட்டியிருந்தால் இவ்வினாவே பிறந்திராது.

இத்துறையில் டாக்டர் பட்டத்திற்கு உழைக்கும் மாணவர் நிலையை இங்கே கருதல் வேண்டும். பாக்டீரியப் பொருளொன்றை எலிக்கு ஊசி வழியே செலுத்தி, அது சர்க்கரை நீரை எத்துணை விரும்பிப் பருகுகின்றது என்று அளப்பர். குறைவாகப் பருகின், இன்பம் நுகரும் விருப்பம் குன்றியது என்பர். எலியின் துயரத்தை அறிந்தவர் யாவர்? இத்தகைய அளவைகளைக் கொண்டு மூன்றாண்டோ நான்காண்டோ உழைத்த மாணவன், தன் கருதுகோள் பொய்த்ததெனக் கண்டால், அதனை அஞ்சாது எழுதிப் பட்டம் பெற இடமுண்டா? வினா செம்மையாகவும், செய்முறை நேர்மையாகவும் இருப்பின், 'இல்லை' என்னும் விடைக்கும் பட்டம் அளித்தல் வேண்டும் என்பதே எம் கருத்து. அந்த ஆய்வேட்டின் ஒரு படியைக் கலாசாலைப் புத்தகசாலையில் யாவரும் எடுத்துப் படிக்கும்படி வைத்தலும் வேண்டும். அன்றேல், அதே எலியை அதே ஊசியால் குத்த மற்றொரு மாணவன் மறுவருடமே வந்து நிற்பான்.