ஜெயிக்கிறது யாரு, தோற்கிறது யாரு?



வீட்டில் ஒரு குழந்தை பிறந்தால் சந்தோஷத்தோடு சேர்ந்து ஒரு வாக்குவாதமும் பிறந்துவிடுகிறது. 'நாக்கில ஒரு சொட்டுத் தேன் தொட்டு சேனை வைக்கணும்' என்பார் மாமியார். 'எதுவுமே கொடுக்கக் கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காங்க' என்பாள் மருமகள். 'நாங்கல்லாம் அஞ்சு பெத்து வளர்க்கலையா?' என்று அங்கே ஒரு சொல் விழும். 'படிக்காதவங்ககிட்ட என்னத்தைப் பேசுறது!' என்று இங்கே ஒரு சொல் விழும். அவ்வளவுதான். பத்து நாளைக்கு இருவருக்கும் பேச்சுவார்த்தை இருக்காது.

இந்த விஷயத்தில் மருத்துவம் சொல்வது தெளிவானது. பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால் கொடுக்கத் தொடங்க வேண்டும். 6 மாதம் வரை தாய்ப்பால் மட்டுமே போதும், தண்ணீர்கூட வேண்டாம். முதலில் சுரக்கும் மஞ்சள் நிறச் சீம்பாலில் நோய் எதிர்ப்புச் சக்தி நிறைய உண்டு. அதைப் பீய்ச்சிக் கொட்டவே கூடாது. ஒரு வயது நிறையும்வரை தேன் கொடுக்கக் கூடாது. சில சமயம் தேனில் இருக்கும் ஒரு கிருமி, பச்சைக் குழந்தையின் குடலில் வளர்ந்து விஷத்தை உண்டாக்கும். அது தசைகளைத் தளரச் செய்து, மூச்சுக்கே ஆபத்தாகலாம்.

ஆக, நியாயம் மருமகள் பக்கம்தான். இருந்தும் அவள் பேச்சு ஏன் எடுபடுவதில்லை? 'படிக்காதவங்க' என்ற அந்த ஒரு வார்த்தையிலேயே பேச்சு தேனை விட்டுவிட்டு மாமியாரின் மானத்துக்குப் போய்விடுகிறது. இனிமேல் 'சரிம்மா' என்று அவர் சொன்னால், ஐந்து பிள்ளைகளை வளர்த்த தன் வாழ்க்கையே தப்பு என்று ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும். யாருக்குத்தான் மனசு வரும்? எதிரில் வாயை மூடிக்கொள்வார். மருமகள் குளிக்கப் போகிற நேரம் பார்த்துக் குழந்தையின் நாக்கில் தேனைத் தடவிவிடுவார். வாய்ச்சண்டையில் மருமகள் ஜெயித்து என்ன பிரயோஜனம்? கஷ்டப்படப் போவது குழந்தை அல்லவா!

இதையே வேறு மாதிரி பேசிப் பாருங்களேன். அதுவும் பிரசவத்துக்கு முன்னாலேயே. 'அத்தை, உங்க காலத்தில சேனை எதுக்காக வைச்சாங்க?' என்று கேளுங்கள். 'நல்லவங்க கையால வைச்சா அந்தக் குணம் பிள்ளைக்கு வரும்' என்பார். 'பால் ஊறுற வரைக்கும் தொண்டை காயக் கூடாதே' என்பார். இரண்டிலும் இருப்பது அக்கறைதானே! 'ஆரம்பத்தில கொஞ்சமா வர்ற சீம்பாலே குழந்தைக்குப் போதுமாம் அத்தை. அடுத்த தடவை செக்கப்புக்கு நீங்களும் வாங்க, நர்ஸம்மாகிட்ட நீங்களே கேளுங்க' என்று கூட்டிப் போங்கள். 'பிறந்ததும் பிள்ளையை முதல்ல உங்க மடியிலதான் வைக்கணும்' என்றும் சொல்லுங்கள். தேன் இல்லாவிட்டாலும் பெரியவர் என்ற மரியாதை அவருக்குக் குறையாது.

மரியாதையாகப் பேசுவது என்றால் எல்லாவற்றுக்கும் தலையாட்டுவது என்று அர்த்தமில்லை. எவ்வளவு சொல்லியும் அவர் கேட்கவில்லையா? 'தேன் மட்டும் வேண்டாம் அத்தை' என்பதில் உறுதியாக நில்லுங்கள். அதற்கு மேல் ஒரு குத்தல் வார்த்தை வேண்டாம். அதே மாதிரி, பால் குடித்ததும் தோளில் போட்டுத் தட்டிக் கொடுப்பது, அழுகிற பிள்ளையை அமர்த்துவது என்று அவருக்குக் கைவந்த விஷயங்கள் எத்தனையோ இருக்கும். அவற்றைக் கேட்டுக்கொள்ளுங்கள். நாம் கேட்டால்தான் நாம் சொல்வதும் அவர் காதில் ஏறும்.

மாமியார்களுக்கும் ஒரு வார்த்தை. மருமகள் டாக்டர் சொன்னதைச் சொன்னால், அது உங்கள் வளர்ப்பைக் குறை சொல்வதாகாது. அன்று தெரியாத சில விஷயங்கள் இன்று தெரிய வந்திருக்கின்றன, அவ்வளவுதான்.

இது நமக்குப் புதுப் பாடமும் இல்லை. மணிமேகலைக் காப்பியத்தில், புகார் நகரில் 28 நாள் நடக்கும் இந்திர விழாவை முரசறைந்து அறிவிக்கிறார்கள். சமயவாதிகள் பட்டிமண்டபம் ஏறி வாதம் செய்யலாம் என்று அழைக்கும் அதே அறிவிப்பு, பகைவரைக் கண்டால்கூட கோபமும் பூசலும் கொள்ளாமல் விலகிப் போங்கள் என்றும் சொல்கிறது. பகைவருக்கே அந்த நாகரிகம் என்றால், ஒரே அடுப்பில் சமைத்துச் சாப்பிடுகிற நமக்கு?

அடுத்த முறை குரல் உயரும்போது, 'இப்போ நான் ஜெயிக்கணுமா, இல்லை காரியம் நடக்கணுமா?' என்று ஒரு நிமிஷம் உங்களையே கேட்டுப் பாருங்கள். குரல் தானாகத் தணியும்.

உங்கள் வீட்டில் இப்படி ஒரு விஷயத்தைச் சண்டை இல்லாமல் பேசி முடித்திருக்கிறீர்களா? எப்படி என்று எழுதுங்கள். இன்னொரு சகோதரிக்கு அது உதவும்.