உறை எங்கே?

பழைய அஞ்சல்தலை என்றாலே இலட்சக்கணக்கில் விலைபோகும் என்ற நம்பிக்கை நம்மவரிடையே வேரூன்றிக் கிடக்கிறது. 1856இல் வெளிவந்த பிரிட்டிஷ் கயானாவின் ஒரு சென்ட் அஞ்சல்தலை, 2021இல் 83 இலட்சம் அமெரிக்க டாலருக்கு ஏலம் போனது. இத்தகைய செய்திகளைப் படித்துவிட்டு நாமும் வீட்டுப் பெட்டிகளைக் குடைகிறோம். பத்து வயதில் நானும் குடைந்தேன். அன்று செய்த பிழையை இன்றைய மாணவர்கள் செய்யக்கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

என் தாத்தா 1930களில் குளுவாங் வட்டாரத் தோட்டமொன்றில் பால்மரம் சீவியவர். பாட்டியோ தஞ்சைப் பக்கத்துக் கிராமத்தில் இருந்தார். தாத்தா அனுப்பிய கடிதங்களையெல்லாம் பாட்டி ஒரு சேலைத் துண்டில் முடிந்து வைத்திருந்து, போருக்குப் பின் கப்பலேறியபோது கையோடு கொண்டுவந்தார். அந்த முடிச்சைத்தான் நான் அவிழ்த்தேன். உறைகளை வெந்நீரில் ஊறவைத்து, அஞ்சல்தலைகளைப் பக்குவமாக உரித்து, ஆல்பத்தில் ஒட்டினேன். நைந்துபோன உறைகளும் கடிதங்களும் குப்பைத் தொட்டிக்குப் போயின. எழுதப் படிக்கத் தெரியாத பாட்டி ஒன்றும் சொல்லவில்லை. வெறும் சேலைத் துண்டை மடித்துப் பெட்டியில் வைத்துக்கொண்டார்.

பல்கலைக்கழகத்தில் படித்த காலத்தில், பணமுடை வந்தபோது அந்த ஆல்பம் நினைவுக்கு வந்தது. ஜொகூர் பாருவில் அஞ்சல்தலை விற்கும் சீனப் பெரியவர் ஒருவரிடம் கொண்டுபோனேன். வாங்க மறுத்தாலும் அவர் எனக்கு ஒரு பாடமே நடத்தினார்.

ஜொகூரின் அஞ்சல்தலை வரலாறு 1876இல் தொடங்குகிறது. நீரிணைக் குடியேற்றப் பகுதியின் அஞ்சல்தலை மீது பிறையும் விண்மீனும் மேலச்சாகப் பதித்து வெளியிட்டார்கள். 1891இல் சுல்தான் அபு பக்கார் உருவப்படத்துடன் சொந்த அஞ்சல்தலைகள் வந்தன. அவருக்குப் பின் வந்த சுல்தான் இப்ராஹிமின் முடிசூட்டலை ஒட்டி, 1896இல் அதே அஞ்சல்தலைகள் மீது 'கெமாகோத்தாஆன்' என்ற சொல்லை அச்சிட்டார்கள். சிலவற்றில் அது 'கெத்தாகோத்தாஆன்' எனப் பிழையாக விழுந்துவிட்டது. அந்த ஓர் எழுத்துப் பிழைக்காகவே சேகரிப்போர் அதைத் தேடுகிறார்கள்.

முகத்தைப் பார்த்து மட்டும் விலை சொல்ல முடியாது. ஒரே படம், ஒரே நிறம் கொண்ட இரண்டு அஞ்சல்தலைகள் தாளின் நீர்க்குறியால் வேறுபடலாம். அஞ்சல்தலையைக் கருப்புத் தட்டில் கவிழ்த்துவைத்து இரண்டு சொட்டு பென்சைன் விட்டால் அக்குறி தெரியும். 2 சென்டிமீட்டர் நீளத்தில் எத்தனை ஓரத் துளைகள் உள்ளன என்றும் எண்ண வேண்டும். ஜப்பானியர் காலத்து மேலச்சுகளில் போலிகள் ஏராளம். அதிக முகமதிப்புள்ள சில தலைகள் ஆவணங்களில் வருவாய்த் தலையாகப் பயன்பட்டவை. அவற்றின் பேனாக் கீறலை இரசாயனத்தால் அழித்துப் புதியது போல விற்பவரும் உண்டு. ஸ்டான்லி கிப்பன்ஸ் அட்டவணையில் காணும் விலையும் கடைக்காரர் நல்ல நிலையிலுள்ள தலையை விற்கும் விலையே அன்றி, நம்மிடம் வாங்கும் விலை அன்று.

என் ஆல்பத்தில் இருந்தவை சுல்தான் இப்ராஹிம் தலை பொறித்த குறைந்த மதிப்புடையவை, எங்கும் கிடைப்பவை. மொத்தமும் சேர்ந்து ஒரு வேளை ரொட்டிச் சானாய்க்கும் தே தாரேக்குக்கும் போதும். பெரியவர் பூதக்கண்ணாடியைக் கீழே வைத்துவிட்டு மலாயில் கேட்டார்: "உறை எங்கே?"

எறிந்துவிட்டேன் என்றேன். அவர் ஆல்பத்தை மூடி என் பக்கம் தள்ளினார்.

அப்போதுதான் புரிந்தது. உறையிலுள்ள அஞ்சல் முத்திரை, எந்த ஊரில் எந்த நாளில் கடிதம் சேர்க்கப்பட்டது என்று சொல்லும். பின்புறத்து முத்திரைகள் அது போன வழியைச் சொல்லும். இரண்டாம் உலகப்போர்க் காலத்து உறையானால் தணிக்கைச் சீட்டும் இருக்கலாம். சிற்றூர் அஞ்சலகம் ஒன்றின் தெளிவான முத்திரை, மலிவான தலையையும் விலையுயர்ந்ததாக்கிவிடும். போதாக்குறைக்கு, ஜொகூரிலிருந்து தமிழகம் போன கடிதங்கள் அங்கேயே தங்கிவிட்டன. கடல் தாண்டித் திரும்பி வந்தவை மிகச் சிலவே. அத்தகைய அரிய சிலவற்றைத்தான் நான் வெந்நீரில் போட்டேன்.

காசை விடுங்கள். அன்றைய தோட்டங்கள் பல இன்று வீடமைப்புப் பகுதிகளாகவும் செம்பனைக் காடுகளாகவும் மாறிவிட்டன. அங்கே வாழ்ந்தவர்கள் தம் கையாலோ கிராணியின் கையாலோ எழுதிய கடிதங்கள் நம் சமூகத்தின் வரலாற்று ஆவணங்கள். மலாயா அஞ்சல்தலைகளை ஆராய 1959இலேயே 'மலாயா ஸ்டடி குரூப்' என்ற அமைப்பு தோன்றிவிட்டது. முத்திரையையும் கட்டணத்தையும் ஆராய ஆட்கள் உலகெங்கும் இருக்கிறார்கள். ஆனால் உறைக்குள் இருக்கும் தமிழைப் படித்துப் பொருள் சொல்ல வேண்டியவர்கள் யார்? நாம்தானே!

ஆகவே, தமிழ் மாணவர்களுக்கு என் வேண்டுகோள் இது. வீட்டில் பழைய கடிதம் கிடைத்தால் அஞ்சல்தலையை உரிக்காதீர்கள், கத்தரிக்காதீர்கள், ஒட்டுநாடா போடாதீர்கள். உறையின் இரு பக்கங்களையும் கடிதத்தையும் படமெடுங்கள். யார் யாருக்கு எழுதியது என்பதைப் பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டுக் குறித்து வையுங்கள். விற்க நினைத்தால், இருவரிடமாவது காட்டிய பின் விற்றுக்கொள்ளுங்கள்; படம் உங்களிடம் இருக்கட்டும். நம் தமிழ் மொழிக் கழகமும் இப்படங்களைத் திரட்டி ஒரு தொகுப்பாக்கலாம். விடுமுறைக்கு ஊர் திரும்பும் ஒவ்வொருவரும் ஒரு கடிதத்தின் படத்தோடு வந்தாலே போதும்.

தாத்தா என்ன எழுதினார் என்று இனி எனக்குத் தெரியப்போவதில்லை. சுல்தானின் தலைகள் மட்டும் ஆல்பத்தில் இருக்கின்றன. உங்கள் வீட்டு முடிச்சு இன்னும் அவிழாமல் இருந்தால், அதைப் பக்குவமாக அவிழுங்கள்.