இல்லமும் இனிமையும்: புதுத் தொட்டியும் புது மீனும்

இரயிலே ஓடாத இத்தீவில், இரயில் முன்பதிவுச் சீட்டு எழுதிக் கொடுப்பது என் தொழில். நாள்தோறும் எத்தனையோ பேர் கேட்கும் வினாக்களுக்கு விடையளித்துப் பழகியவன். எனினும், டெய்ரி ஃபார்மில் என் இல்லத்தில் என் மகள் கேட்ட ஒரு வினா என்னை வாயடைக்கச் செய்தது.

அவள் ஓயாது வேண்டவே, சிறு கண்ணாடித் தொட்டியும் பொன்மீன் நான்கும் வாங்கினேன். அன்று மாலையே குழாய்நீரை நிரப்பி மீன்களை விட்டேன். ஐந்தாம் நாள் விடியலில் நான்கும் மாண்டு மிதந்தன. “வேளை தவறாமல் நிறைய இரை போட்டேனே, ஏன் அப்பா இறந்தன?” என்று விம்மினாள் குழந்தை.

விடையைப் பின்னரே கற்றேன். மீனின் கழிவும் மிஞ்சிய இரையும் அழுகி அமோனியா என்னும் நஞ்சாகின்றன. ஒருவகை நுண்ணுயிர்கள் அதனை நைட்ரைட்டாகவும், வேறு சில அதனைத் தீங்கு குறைந்த நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. புதுத் தொட்டியில் இந்நுண்ணுயிர்கள் போதிய அளவில் இரா; அவை பெருக 4 முதல் 6 வாரங்கள் ஆகும். ஆகவே, பிழை குழந்தையினுடையதன்று, என் அவசரத்தினுடையது.

அன்பர்கள் செய்யத்தக்கன இவை: 40 லிட்டருக்குக் குறையாத தொட்டியை வெயில் படாத இடத்தில் வையுங்கள். குளோரின் கலந்த குழாய்நீராயின், அகன்ற வாளியில் ஒரு நாள் திறந்து வைத்த பின் ஊற்றுங்கள். வடிகட்டியை ஓடவிட்டு, மீனின்றியே நாளும் ஒரு சிட்டிகை இரையிட்டுக் காத்திருங்கள். நண்பர் இல்லத்துப் பழைய தொட்டியின் வடிகட்டிப் பஞ்சு சிறிது கிடைத்தால் காலம் குறையும். பொன்மீன் பெரிதாக வளர்வது. தொடக்கத்திற்குக் கப்பி மீன் இரண்டு மூன்று போதும். மீன் வந்த பையைத் தொட்டிநீரில் கால்மணி நேரம் மிதக்கவிட்டு, தொட்டிநீரைச் சிறிது சிறிதாகப் பையில் கலந்த பின் மீனை விடுங்கள். இரண்டு நிமிடத்தில் தின்று தீரும் அளவே இரையிடுங்கள். வாரந்தோறும் கால்பங்கு நீரை மாற்றுங்கள். கோடையில் நீருக்கு அல்லலுறும் நாம் அந்நீரை வீணாக்க வேண்டா; கறிவேப்பிலைச் செடிக்கு அது நல்ல உரம். வடிகட்டிப் பஞ்சையும் அந்நீரிலேயே அலசுக. குழாய்நீரின் குளோரின் நுண்ணுயிரைக் கொல்லும்.

இத்தீவினர்க்கு இன்னும் இரண்டு சொல்வேன். அழகுக்கெனக் கடற்கரையில் பவளப்பாறைத் துண்டுகளைப் பொறுக்காதீர்கள்; 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி பவளம் காக்கப்பட்ட உயிர். வேண்டாத மீனை ஓடையில் விடுவதும் தகாது. அயல்மீன் பெருகி நாட்டு மீன்களை நலிவிக்கும்.

ஆறு வாரம் நாள்காட்டியில் கோடிட்டுக் காத்திருந்தவள் என் மகளே. இன்று எங்கள் தொட்டியில் மூன்று கப்பி மீன்கள் நலமே உலவுகின்றன. இரை டப்பா மட்டும் என் பொறுப்பில் இல்லை. “அப்பா அளவு தெரியாமல் போட்டுவிடுவார்” என்று அவளே வைத்துக்கொண்டாள்.