காணியோடு கைவேலையையும் கணக்கிடுவோம்

வறட்சி நீடித்து விக்டோரியா நீர்த்தேக்கத்தின் மட்டம் இறங்கும் ஆண்டுகளில், பழைய தெல்தெனிய நகரின் இடிபாடுகள் வெளியே தெரிகின்றன. பார்க்க வருவோர் பலர். ஆனால், நீர் எவ்வளவு வற்றினாலும் வெளியே தெரியாத ஓர் இழப்பும் உண்டு. அந்தப் பள்ளத்தாக்கில் வாழ்ந்த குடும்பங்களின் கைவேலையே அது. இடம்பெயர்ந்த விவசாயக் குடும்பங்களாகிய நாம் அதைப்பற்றிப் பேசவேண்டிய காலம் வந்துவிட்டது.

30 ஆண்டுகளில் செய்து முடிக்க எண்ணிய மகாவலித் திட்டத்தை 6 ஆண்டுகளுக்குள் முடிப்பதென 1977ஆம் ஆண்டுக்குப் பின் அரசு தீர்மானித்தது. பிரித்தானிய உதவியோடு எழுந்த விக்டோரியா அணை 1985இல் திறந்து வைக்கப்பட்டது. 122 மீற்றர் உயரமான அந்த அணை 210 மெகாவாட் மின்சாரம் தரக்கூடியது. நாட்டுக்கு அது தந்த நன்மையை நாம் மறுக்கவில்லை. ஆனால் அதற்காக ஆயிரக்கணக்கான குடும்பங்கள் வீடு, வயல், தோட்டம் யாவற்றையும் விட்டு எழுந்தன. சிலர் மேட்டில் அமைந்த புதிய நகரத்தின் பக்கம் தங்கினர். பலர் மலையிறங்கி, கிராந்துருக்கோட்டை முதலிய மகாவலி வலயங்களுக்குச் சென்றனர். அங்கு ஒரு குடும்பத்துக்கு 2.5 ஏக்கர் வயலும் அரை ஏக்கர் வீட்டுத் தோட்டமும் என்பதே ஏற்பாடு.

இடப்பெயர்வு என்றதும் அலுவலரின் ஏட்டில் காணி ஏறுகிறது, வீடு ஏறுகிறது, தென்னையும் பலாவும் எண்ணிக்கையில் ஏறுகின்றன. வேலியோரம் நின்ற நார்ச்செடியும், ஓடைக்கரைப் பன்புல்லும், அவற்றைப் பாயாக்கிய பெண்ணின் கையும் எந்தக் கட்டத்தில் ஏறின? அப்படியொரு கட்டத்தை எந்தப் பத்திரத்திலும் நாம் கண்டதில்லை.

பருவமும் கைவேலையும்

சிறு விவசாயியின் வாழ்வு பெரும்போகம், சிறுபோகம் என்ற இரண்டு காலில் நிற்கிறது என்பார்கள். மூன்றாவது கால் ஒன்றும் உண்டு. அது இரு போகங்களுக்கும் இடைப்பட்ட ஓய்வு நாட்கள். ஓய்வு என்பது பெயருக்குத்தான். பெரும்போக வெள்ளாமை வீடு வந்து சேரும் நாட்களில் இலவங்காய் வெடிக்கும். அந்தப் பஞ்சைக் கொட்டை நீக்கித் தலையணை அடைத்தால் சித்திரைப் புத்தாண்டுக்கு வீடு புதிதாகும். வெயில் எரிக்கும் மாதங்களில் பன்புல்லை அறுத்துக் காயவைப்பார்கள். மட்டையை ஊறவைத்துத் தும்பு அடிப்பார்கள். அடைமழை பிடித்து வெளிவேலை நின்றதும் அதே புல் பாயாகும், தும்பு கயிறாகும், உறி ஆகும், கட்டிலின் பின்னலாகும். வெயில் பொருளைத் தந்தது. மழை நேரத்தைத் தந்தது. வீட்டுக்கு வேண்டியதை வாங்காமல் விட்டதே ஒரு வருமானம். மீதியை விற்றதால் உப்புக்கும் மண்ணெண்ணெய்க்கும் கடன்படவில்லை.

இந்த ஒழுங்கு இடத்தைச் சார்ந்தது. குடும்பத்தை லொறியில் ஏற்றிவிடலாம். ஓடைக்கரையை ஏற்ற முடியாது. 1990இல் வலிகாமம் வடக்கை விட்டு எழுந்த குடும்பங்களும் இதை அறிவார்கள். கடகமும் சுளகும் நீற்றுப்பெட்டியும் இழைக்கத் தெரிந்த கைக்கு, பனை இல்லாத ஊரில் வேலை ஏது?

தும்பரப் பாய் சொல்லும் பாடம்

இதற்கு மறுபக்கச் சான்று இதே தும்பரப் பள்ளத்தாக்கில் இருக்கிறது. மெனிக்ஹின்னவுக்கு அருகிலுள்ள கலாசிரிகம போன்ற கிராமங்களில் ‘தும்பர ரட்டா கலால’ என்னும் கோலப்பாய் இன்றும் நெய்யப்படுகிறது. ‘ஹண’ என்று சிங்களத்தில் வழங்கும் செடியின் தடித்த இலையை வெட்டி, மரக்கட்டையில் வைத்துச் சதை போகச் சுரண்டி, நாரைக் கழுவி, உலர்த்தி, சீவி எடுக்கிறார்கள். சிவப்புக்குப் பதங்கிக் கட்டை, மஞ்சளுக்கு மரமஞ்சள், கறுப்புக்குக் கடுக்காய் முதலிய காய்கள் என்பது பழைய சாய முறை. நிலத்தோடு ஒட்டிய தறியில் அமர்ந்து, யானை, பறவை, பூ, கட்டம் என்று நாரை நாராகக் கோத்து நெய்கிறார்கள். இதற்கு முதலீடு வேலியோரச் செடியும் பொறுமையும்தான். இன்று அது சுவர்த்தொங்கலாகவும் மெத்தை உறையாகவும் கண்டி நகரக் கடைகளில் விலை போகிறது.

இந்தப் பாயை நெய்தவர்கள் கின்னர சமூகத்தார். கண்டி மன்னருக்குப் பாய் நெய்து கொடுப்பது அவர்களுடைய இராசகாரியம். எனினும், அரசன் அமர்ந்த பாயை நெய்தவனைச் சமூகம் கடைசி வரிசையில் வைத்தது. கண்டி இராச்சியத்தில் ஏறக்குறைய 20 ஆண்டுகள் கைதியாக இருந்த ரொபேட் நொக்ஸ் 1681இல் வெளியிட்ட நூலில், பாய் முடைவோர் தலையில் எதையும் அணியக்கூடாது என்றிருந்த வழக்கத்தைக் குறித்திருக்கிறார். சேர் முத்துக்குமாரசுவாமியின் மகன் ஆனந்த குமாரசுவாமி 1908இல் வெளியிட்ட நூலில், இந்த நாட்டுக் கைவினைஞரின் வேலையைக் கலை என்று எழுதினார். 2021இல் யுனெஸ்கோ நிறுவனம் தும்பரப் பாய்க் கலையை மனிதகுலத்தின் மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது. உலகம் தலைவணங்க 340 ஆண்டுகள் எடுத்திருக்கின்றன. நம் வீடுகளில் பாய் முடைவதையும் ஓலை இழைப்பதையும் ‘குறைந்த வேலை’ என்று பிள்ளைகளிடம் மறைப்போர் இதைச் சிந்திக்கட்டும்.

வயிறு நிறையுமா?

“கைவேலையால் வயிறு நிறையுமா? பிளாஸ்டிக் பாய் மலிவு அல்லவா?” என்று கேட்பவர்கள் உண்டு. கேள்வி நியாயமானது. பல நாள் உழைத்த பாயை இடைத்தரகர் அடிமாட்டு விலைக்குக் கேட்கிறார். கடையில் அது பல மடங்கு விலைக்குப் போகிறது. இந்நிலையில், கைவேலை மட்டும் ஒரு குடும்பத்தைத் தாங்கும் என்று நாம் சொல்லமாட்டோம். ஆனால் வயலும் மட்டும் தாங்கவில்லையே! மழை பொய்த்த போகத்தில், பசளை விலை ஏறிய போகத்தில், பெண்ணின் கையில் உள்ள நாலு காசுதான் நகையை அடகுக் கடைக்குப் போகாமல் காத்திருக்கிறது. கைவேலை விவசாயத்துக்குப் பதில் அல்ல, அதற்கு முட்டுக்கால்.

திருத்தூதர் பணிகள் நூலில் வரும் அக்கிலாவையும் பிரிஸ்கில்லாவையும் நினைப்போம். உரோமையிலிருந்து வெளியேற்றப்பட்டுக் கொரிந்து நகருக்கு வந்த தம்பதியர் அவர்கள். நம்மைப்போல் இடம்பெயர்ந்தவர்கள். கூடாரம் செய்வது அவர்கள் தொழில். அதே தொழில் தெரிந்த பவுலடியார் அவர்களோடு தங்கி வேலை செய்தார். நாட்டை இழந்தவர்கள் கைத்தொழிலை இழக்கவில்லை. அந்தத் தொழில் இருந்த வீடு நற்செய்திக்கும் இடமாயிற்று.

இனிச் செய்ய வேண்டியவை

விக்டோரியாவோடு இடப்பெயர்வு முடிந்துவிடவில்லை. 2025 நவம்பரில் வீசிய டித்வா புயலின் மண்சரிவுகள் கண்டி மாவட்டத்தில் எத்தனையோ குடும்பங்களை மறுபடியும் எழுப்பிவிட்டன. மீள்குடியேற்றம் பற்றிப் பேசப்படும் இடங்களில் நாம் வலியுறுத்த வேண்டியவை சில உண்டு.

முதலாவது, விபரம் எடுக்க வரும் கிராம அலுவலரிடம் வயலையும் மரத்தையும் மட்டும் சொல்லி நிறுத்தாமல், வீட்டில் யார் என்ன கைவேலை செய்தார் என்பதையும் சொல்லிப் பதியச் சொல்லுவோம். இரண்டாவது, புதிய காணி கிடைத்ததும் வேலியோரத்தில் நார்ச்செடி, தாழை, இலவமரம் எதுவாயினும் அந்த மண்ணுக்கு ஏற்றதை முதல் மழையிலேயே நடுவோம். மூன்றாவது, தனித்தனியாக விற்காமல் பத்துக் குடும்பங்கள் ஒரு சங்கமாகச் சேர்ந்து விலை பேசுவோம். தேசிய அருங்கலைகள் பேரவையிடம் உதவியும் சந்தை வாய்ப்பும் கேட்போம். நான்காவது, பங்குகளில் ஞாயிறு மறைக்கல்வி முடிந்தபின் ஒரு மணிநேரம் மூத்தவர்கள் பிள்ளைகளுக்குக் கைவேலை கற்றுக்கொடுக்கட்டும். பையன்களும் உட்காரட்டும், இது பெண்களுக்கு மட்டும் உரிய வேலை அல்ல.

மூத்தவர்களின் கை ஓய்ந்துவிட்டால் எந்த நட்டஈடும் அதை மீட்டுத் தராது. அவர்கள் நம்மோடு இருக்கும் இந்த ஆண்டிலேயே தொடங்குவோம்.