விடுபட்ட கோப்புகளுக்குக் கணக்கு எங்கே?

கணினிவழி மொழியாய்வுக் கட்டுரைகளில், தொகுப்பிலுள்ள கோப்புகள் அனைத்தும் இணைச்செயலாக்க முறையில் பகுப்பாய்வு செய்யப்பட்டன என்ற பொருள்படும் வாக்கியம் அடிக்கடி இடம்பெறுகிறது. அதிலுள்ள 'அனைத்தும்' என்ற சொல்லுக்குச் சான்று கேட்க வேண்டிய காலம் வந்துவிட்டது.

பல வேலைகளை ஒரே நேரத்தில் நடத்தும் நிரல்களில் பிழை சத்தமின்றி மறைய வழிகள் பல. பைத்தான் மொழியில் ஒரு பணியைத் திரெட் குழுவிடமோ புராசஸ் குழுவிடமோ ஒப்படைத்தால் 'ஃபியூச்சர்' என்ற பொருள் கைக்கு வரும். பணி நடுவே முறிந்தால் பிழை அந்தப் பொருளுக்குள்ளேயே தங்கிவிடும். 'ரிசல்ட்' என்று நாம் கேட்டால்தான் வெளிப்படும். முடிவுகளைப் பணிகளே நேராகக் கோப்பில் எழுதிவிடும் நிரல்களில் அதை யார் கேட்கிறார்கள்? போதாக்குறைக்கு, எந்தப் பிழை வந்தாலும் 'எக்ஸெப்ட், பாஸ்' என்று இரண்டே வரியில் விழுங்கிவிடும் வழக்கமும் உண்டு. நினைவகம் தீர்ந்தால் லினக்ஸ் கருவகம் ஒரு புராசஸைக் கொன்றுவிடும். அது ஒரு வரிகூட எழுதிவைக்காமல் மடியும். 'மல்டிபிராசஸிங் பூல்' அதனிடத்தில் புதியதொரு புராசஸை அமர்த்தும். செத்ததன் கையிலிருந்த பணியோ திரும்பாது.

பல்லாயிரம் கோப்புகளில் சில நூறு போனால் என்ன என்று கேட்போர் உண்டு. போனவை குலுக்கலில் போனவை அல்ல என்பதே என் விடை. தமிழ்த் தொகுப்பையே எடுத்துக்கொள்வோம். யூனிகோடு பரவும் முன் திஸ்கி, டாப், டாம் போன்ற குறியாக்கங்களில் தட்டெழுதப்பட்ட நூல்கள் ஏராளம். அவற்றை யூடிஎஃப்-8 என்று கருதித் திறந்தால் நிரல் முறியும். பிழையை விழுங்கினால் அந்தக் காலத்துப் பனுவல்கள் கூட்டமாக வெளியேறும். நினைவகம் போதாமல் மடியும் பணிகளும் பெரும்பாலும் மிக நீண்ட கோப்புகளைச் சுமந்தவையே. எஞ்சிய தொகுப்பைக் கொண்டு தமிழ் வாக்கியத்தின் சராசரி நீளத்தைக் கணக்கிட்டால், நாம் அளப்பது மொழியை அன்று. நம் நிரலின் சீரணசக்தியை.

'மறுபடி ஓட்டினேன், சரியாகிவிட்டது' என்பது அடுத்த சமாதானம். உடனிகழ் நிரல்களில் இதைவிட ஆபத்தான சொல் இல்லை. இரண்டு திரெட்கள் எந்த வரிசையில் முந்துகின்றன என்பதைப் பொறுத்துத் தோன்றும் பிழை, அடுத்த ஓட்டத்தில் தோன்றாமலே போகலாம். ஆராயப் புகுந்தால் மறையும் இத்தகைய பிழைகளை 1985ஆம் ஆண்டின் அறிக்கையொன்றில் ஜிம் கிரே 'ஹைசன்பக்' என்று குறித்தார். முதல் முறை முறிந்தபோது கிடைத்த பிழைத்தடமே ஒரே சாட்சியாக இருக்கக்கூடும். அதை அழித்துவிட்டு மறுபடி ஓட்டுவது சாட்சியைக் கலைப்பதற்கு ஒப்பு.

எர்லாங் மரபின் 'முறியட்டும், விடு' என்ற கொள்கையைத் துணைக்கு அழைப்பவர்களும் உள்ளனர். அவர்கள் ஜோ ஆம்ஸ்ட்ராங்கின் 2003ஆம் ஆண்டு ஆய்வேட்டைப் புரட்டிப் பார்க்கட்டும். அங்கே ஒரு புராசஸ் இறந்தால், அதனோடு பிணைக்கப்பட்ட மற்றொன்றுக்கு இறப்பின் காரணம் செய்தியாகச் சென்று சேர்கிறது. மீண்டும் தொடங்குவதா, நிறுத்துவதா என்று மேற்பார்வைப் புராசஸ் முடிவெடுக்கிறது. முறிய விடுவது வேறு, முறிந்ததை மறைப்பது வேறு.

மொழியியலில் பயின்றவர்களுக்கு இது புதிய பாடமாக இருக்கக் கூடாது. இலக்கணத்துக்குப் பொருந்தாத வாக்கியத்தை நாம் குப்பையில் எறிவதில்லை. உடுக்குறி இட்டு எழுதிவைக்கிறோம். எது அமையாது என்பதும் தரவு என்றே நம் துறை கருதுகிறது. அதே துறையினர் நிரல் எழுதும்போது மட்டும் உடுக்குறியைத் துடைத்துவிடுவது என்ன நியாயம்?

செய்ய வேண்டியது மலையைப் புரட்டும் வேலையன்று. ஒவ்வொரு ஃபியூச்சரிடமும் முடிவைக் கேளுங்கள். முறிந்த ஒவ்வொரு பணிக்கும் கோப்பின் பெயர், பிழையின் வகை, முழுப் பிழைத்தடம், நேரம், புராசஸ் எண் ஆகியவற்றைப் பதியுங்கள். பல புராசஸ்கள் ஒரே பதிவேட்டில் நேராக எழுதினால் வரிகள் கலந்துவிடும்; ஒரு வரிசை வழியாக அனுப்பி ஒருவரே எழுதட்டும். சி மொழி நூலகங்களுக்குள் நேரும் முறிவுகளுக்கு, பைத்தான் 3.3 முதல் உள்ள 'ஃபால்ட்ஹேண்ட்லர்' கூற்றை இயக்கிவையுங்கள். திடீர்க் கொலையை எந்தக் கூற்றாலும் பிடிக்க முடியாது. ஆகவே உள்ளே சென்ற கோப்புகளையும் வெளியே வந்தவற்றையும் எண்ணி ஒப்பிடுங்கள்.

நெறியாளர்களிடமும் மதிப்பீட்டாளர்களிடமும் ஒன்று கேட்கிறேன். துல்லிய விழுக்காட்டைத் தசமப் புள்ளிக்குப் பின் இரண்டு இலக்கம்வரை கேட்கிறீர்கள். எத்தனை கோப்புகள் முறிந்தன, எவ்வகையில் முறிந்தன என்ற ஒரு சிறு அட்டவணையையும் கேளுங்கள். அது இல்லாத கட்டுரையில் 'அனைத்தும்' என்ற சொல்லை அனுமதிக்காதீர்கள்.