இருபது வீட்டில் ஒரு படம்

ஓவியர் அ. மாற்கு 1995 இடப்பெயர்வில் தன் படைப்புகள் பலவற்றை இழந்தார். அந்த ஒக்ரோபர் 30ஆம் திகதி இரவு வலிகாமம் முழுக்கத் தென்மராட்சிப் பக்கம் நடந்தபோது எதை எடுப்பது, எதை விடுவது என்று சண்டிலிப்பாயில் ஒவ்வொரு வீட்டிலும் யோசித்தோம். காணி உறுதி, பிறப்புச் சான்றிதழ், அரிசி, உடுப்பு. இவற்றை எடுத்தபிறகு சுவரில் தொங்கும் படத்துக்குச் சைக்கிளில் ஏது இடம்? தீட்டிய ஓவியம் உலகத்தில் ஒன்றுதான். அது இருக்கும் வீடு போனால் அதுவும் போய்விடும்.

மரக்கட்டை அச்சைப் பற்றி நான் சில காலமாக யோசித்துக்கொண்டிருப்பது இதனால்தான். பலகையில் வேண்டாத இடங்களைச் செதுக்கி எடுத்துவிட்டு, மிஞ்சிய மேட்டில் மை உருட்டி, மேலே தாளை வைத்துத் தேய்த்து உரித்தால் ஒரு படம். பிறகு இன்னொரு தாள், இன்னொரு படம். இருபது அடித்தால் இருபதும் மூலந்தான். ஓவியனுடைய கை வெட்டிய கட்டையிலிருந்து வந்தவை அவை. எதுவும் மற்றதன் நகல் அல்ல. இருபது வீட்டுக்குப் போன படத்தை ஒரு ஷெல்லோ ஓர் இடப்பெயர்வோ முழுதாக அழித்துவிட முடியாது.

யப்பானியர் இந்தக் கலையில் பெரியவர்கள் என்பது தெரிந்ததே. அவர்களுடைய பழைய முறையில் வரைபவர் ஒருவர், செதுக்குபவர் இன்னொருவர், அச்சிடுபவர் மூன்றாமவர். 1904இல் யமமோட்டோ கனாயே என்ற இளைஞர் ஒரு மீனவரைத் தானே வரைந்து, தானே செதுக்கி, தானே அச்சிட்டார். அந்த வழியில் வந்த ஒன்சி கோஷிரோ செய்த காரியந்தான் எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுகிறது. 1939இலிருந்து மாதத்தின் முதல் வியாழக்கிழமைகளில் அவருடைய ரோக்கியோ வீட்டில் அச்சுக்கலைஞர்கள் கூடினார்கள். பேர்பெற்றவர்களும் வந்தார்கள், விருப்பத்துக்காகச் செய்தவர்களும் வந்தார்கள். கொண்டுவந்ததை விரித்துவைத்துப் பேசினார்கள். தாளுக்கும் மைக்கும் தட்டுப்பாடான போர்க்காலத்தில், 1944இல், முதல் தொகுப்பை வெளியிட்டார்கள். ஆளுக்கொரு படத்தைத் தேவையான அளவு அடித்துக் கொடுப்பார்கள்; எல்லோருடைய படமும் சேர்ந்த ஒரு கட்டு திரும்பக் கிடைக்கும். 1950 வரையில் இப்படி ஆறு தொகுப்புகள். 1945இல் குண்டுவீச்சில் எரிந்த நகரம் ரோக்கியோ. பொருளாதாரத் தடைக் காலத்தில் அப்பியாசக் கொப்பித் தாளில் பத்திரிகை வாசித்த எங்களுக்கு, அந்த மனிதர்களின் பிடிவாதத்தை யாரும் விளக்கத் தேவையில்லை.

இதற்கு நீண்ட படிப்பு வேண்டும் என்பதும் இல்லை. சீன எழுத்தாளர் லூ சுன் 1931 ஓகஸ்டில் ஷங்காயில் 13 மாணவர்களைக் கூட்டி ஆறு நாள் வகுப்பொன்று நடத்தினார். படிப்பித்தவர் உச்சியாமா ககிச்சி, யப்பானிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்த ஆரம்பப் பாடசாலைச் சித்திர ஆசிரியர். பக்கத்தில் நின்று மொழிபெயர்த்தவர் லூ சுன். சீனாவின் நவீன மரக்கட்டை அச்சு இயக்கம் அந்த ஆறு நாளிலிருந்து வளர்ந்தது என்று கலை வரலாறு சொல்கிறது.

அச்சு எங்கள் பக்கத்துக்குப் புதிதல்ல. தமிழ் எழுத்தையே மரத்தில் வெட்டி அடித்திருக்கிறார்கள்: 1679இல் மலையாளக் கரையின் அம்பலக்காட்டில் வெளிவந்த தமிழ்–போர்த்துக்கேய அகராதிக்கு அப்படித்தான் எழுத்து வெட்டப்பட்டது. எங்கள் அடுத்த ஊரான மானிப்பாயில் அமெரிக்க மிஷனின் அச்சுக்கூடம் 1834இல் வேலை தொடங்கியது. உதயதாரகை 1841இல், மானிப்பாய் அகராதி 1842இல். நாவலர் 1849இல் வண்ணார்பண்ணையில் தன் அச்சுக்கூடத்தை நிறுவினார். அந்தக் காலத்து அச்சில் படம் வேண்டுமென்றால் ஈய எழுத்தின் உயரத்துக்கே மரக்கட்டையைச் சீவி, எழுத்தோடு சேர்த்துப் பூட்டி, ஒரே அடியில் அடிப்பார்கள். சென்னையிலிருந்து வந்த பெரிய எழுத்துக் கதைப் புத்தகங்களில் கறுப்புக் கோடாக நின்ற அரசர்களும் யானைகளும் அப்படி வந்தவைதான்.

செதுக்குகிற கைக்கும் இங்கே பஞ்சமில்லை. கோயில் வாகனம் செய்கிற ஓர் ஆசாரியிடம் ஒரு சிறு அச்சுக்கட்டையைக் காட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார். “தம்பி, நாங்கள் வெட்டி எடுக்க எடுக்கத்தான் உருவம் வெளியில வரும். இதில வெட்டின இடம் எல்லாம் வெறும் வெள்ளையோ?” என்று கேட்டார். “ஓம் அண்ணை, விட்டதுதான் கறுப்பு” என்றேன். “அப்ப இடம் வலமும் மாறும். சுவாமியின்ர வலக்கை இடக்கையாப் போடுமே” என்றார். அடித்துக் காட்டாமலே அவருக்கு விளங்கிவிட்டது. ஓவியம் படித்த பிள்ளைகளும் இவரைப் போன்றவர்களும் ஒரே மேசையில் உட்கார்ந்தால் என்னென்ன வரும்!

அப்படிக் கூடியிருந்த வழக்கமும் எங்களிடம் இருந்தது. எஸ். ஆர். கனகசபை 1938இல் வின்சர் ஓவியக் கழகத்தைத் தொடங்கினார். அவருக்குப் பிறகு விடுமுறைக்கால ஓவியர் கழகத்தில் மாற்கு எத்தனையோ பேருக்கு வழிகாட்டினார். இன்று யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் சித்திரமும் வடிவமைப்பும் படிக்கலாம். ஆனால் கடைக்காரர், ஆசிரியை, ஓய்வுபெற்ற தபாற்காரர் போன்றவர்கள் சான்றிதழ் எதையும் எதிர்பார்க்காமல் வந்து உட்கார ஓர் இடம் வேண்டும்.

செலவும் பெரிதில்லை. பிளைவூட் போதும். பனம்பலகையில் மெல்லிய கோடு நிற்காது, நார் பிய்த்துக்கொண்டு வரும்; ஆனால் குறுக்கே அறுத்த பனந்துண்டில் மை உருட்டினால் புள்ளி புள்ளியாக ஒரு வானம் விழும், அதை யாராவது பயன்படுத்தத்தான் வேண்டும். அச்சகத்தில் மிஞ்சிய கறுப்பு மை, ஒரு சின்ன றோலர், V வடிவ உளி ஒன்று, வளைந்த உளி ஒன்று. யப்பானியர் மூங்கில் மடல் சுற்றிய தட்டால் தேய்ப்பார்கள். எங்களுக்குச் சிரட்டை அகப்பையின் முதுகு இருக்கிறது. தாள் மெல்லியதாக இருந்தால் நல்லது. பாடசாலையில் வெண்டிக்காயை வெட்டி மை தொட்டு ஒற்றிய பிள்ளைக்குப் பாதி வேலை ஏற்கெனவே தெரியும். உளிக்கு முன்னால் மற்றக் கையை வைக்கக்கூடாது என்பதை மட்டும் முதல் நாளே கண்டிப்பாகச் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

முதல் தொகுப்புக்கு இருபது பேர் என்று வைத்துக்கொள்வோம். எல்லோருக்கும் ஒரே அளவு, தபாலட்டை அளவு. ஆளுக்கு இருபத்திரண்டு பிரதி. அடியில் பென்சிலால் இலக்கமும் கையெழுத்தும். இருபது கட்டு அவரவருக்கு; ரொறன்ரோவிலோ பாரிசிலோ இருந்து அச்சடித்துத் தபாலில் அனுப்புகிறவர்களுக்கு அவர்கள் கட்டும் தபாலிலேயே போகும். மிச்சம் இரண்டில் ஒன்று யாழ்ப்பாணப் பொது நூலகத்துக்கு. 1981இல் எரிக்கப்பட்ட அந்த நூலகத்தில் வேறு பிரதியே இல்லாத ஏடுகளும் இருந்தன. இரண்டாவது கட்டு சண்டிலிப்பாயிலேயே இருக்கட்டும், கேட்கிற பிள்ளைகளுக்கு எடுத்துக் காட்ட. எட்டடிக்கு நாலடிப் பிளைவூட் ஒன்று வாங்கினால் இருபது பேருக்கும் கட்டை அறுத்துக் கொடுக்கலாம், பிழைத்தால் திரும்ப வெட்டுவதற்கும் மிஞ்சும்.