நீலம் தெரியும்வரை காத்திருக்க வேண்டுமா?

மாண்புமிகு மக்கள் நல்வாழ்வுத் துறை அமைச்சர் அவர்களுக்கு,

அரசு மருத்துவமனை ஒன்றின் அவசரப் பிரிவில் செவிலியராக இருக்கிறேன். மழைக்காலம் வந்துவிட்டால் சளி, இரைப்பு என்று பிள்ளைகள் வந்துகொண்டே இருப்பார்கள். வீறிட்டு அழும் குழந்தையைக் கூட்டமே வழிவிட்டு உள்ளே அனுப்பிவிடும். அழத் தெம்பில்லாமல் அம்மா தோளில் துவண்டு கிடப்பது வரிசையிலேயே நிற்கும். எனக்குப் பயமெல்லாம் அந்தப் பிள்ளையைப் பற்றித்தான்.

உதடு நீலம் பாரித்திருக்கிறதா என்று பார்ப்பது பழைய வழக்கம். ரத்தத்தில் ஆக்சிஜன் செறிவு ஏறக்குறைய 85 விழுக்காட்டுக்குக் கீழே இறங்கினால்தான் அந்த நீலம் கண்ணில் படும். ரத்தசோகை உள்ள குழந்தைக்கு இன்னும் கீழே போனாலும் படாது. பல்ஸ் ஆக்சிமீட்டர் ஆக்சிஜன் குறைவதை முன்கூட்டியே சொல்லிவிடும். அவசரத்துக்கு வரும் குழந்தைகளுக்கு அதைப் பயன்படுத்தும்படி உலக சுகாதார நிறுவனம் 2016 வழிகாட்டியிலேயே சொல்லியிருக்கிறது.

'அதுதான் கொரோனா காலத்திலேயே வாங்கிக் கொடுத்தோமே' என்று அதிகாரிகள் சொல்லக்கூடும். வந்தவை பெரியவர்கள் விரலுக்கான கிளிப்புகள், ஐயா. ஆறு மாதக் குழந்தையின் விரலில் அது நிற்காது. எண் 97, 81, 90 என்று தாவும். கால் கட்டைவிரலிலோ பாதத்திலோ சுற்றி ஒட்டும் சென்சார்தான் கைக்குழந்தைக்குச் சரி. அதிலும் திரையில் அலை சீராக ஓட வேண்டும், பாதம் சில்லிட்டிருந்தால் உள்ளங்கையில் பொத்திச் சூடேற்ற வேண்டும். ஒரு நிமிடம் பொறுத்துப் பார்த்தால்தான் நம்பகமான எண் வரும். கறுத்த தோலில் கருவி சற்றுக் கூட்டிக் காட்டலாம் என்றும் 2020இல் ஓர் அமெரிக்க ஆய்வு எச்சரித்தது. ஆகவே 94 என்று வந்தாலும், மூச்சிழுக்கும்போது நெஞ்சு உள்வாங்கும் பிள்ளையை நான் உடனே கவனிக்க வேண்டிய சிவப்பு வரிசையில்தான் சேர்ப்பேன். எண் கண்ணுக்குத் துணை, அவ்வளவே.

வார்டில் இருப்பதை ஓடிப்போய் இரவல் வாங்கி வருவது வேலைக்காகாது. முதலில் பிள்ளையைப் பார்த்துத் தரம் பிரிக்கும் மேசைக்கென்றே ஒரு கருவியும், மூன்று அளவு சென்சார்களும் வேண்டும். பிய்ந்தவற்றுக்கு மாற்று உடனே கிடைக்க வேண்டும். ஓ.பி. சீட்டில் காய்ச்சல் எழுதும் இடத்துக்குப் பக்கத்தில் ஆக்சிஜன் அளவுக்கும் ஒரு கட்டம் அச்சிடுங்கள். 90க்குக் கீழே கண்டால் டாக்டர் வரும்வரை காத்திராமல் ஆக்சிஜன் தொடங்கச் செவிலியருக்கு அதிகாரம் உண்டு என்று எழுத்தில் ஓர் ஆணையும் கொடுங்கள். வாய்மொழி உத்தரவை நம்பி இரவு இரண்டு மணிக்கு யாரும் சிலிண்டரைத் திறக்க மாட்டார்கள்.

இப்படிக்கு,
அவசரப் பிரிவுச் செவிலியர் ஒருவர்